இளமை யார் பங்கு?



இந்த இதழ் முதுமைச் சிறப்பிதழ். அறிவிப்பு வந்ததிலிருந்து வந்து குவிந்த கடிதங்களில் பாதி வாழ்த்து, பாதி சந்தேகம். "மூட்டு வலிக்குக் கைவைத்தியம், முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதுவது எப்படி என்றெல்லாம் போடுவீர்கள் என்று பார்த்தால் விண்வெளி, வேற்றுக்கிரகம் என்கிறீர்களே, உசிலம்பட்டிக்கும் அதுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று எழுமலைப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். கைவைத்தியமும் உண்டு, மனு எழுதும் முறையும் உண்டு, உள்ளே புரட்டிப் பாருங்கள். அந்த வேற்றுக்கிரகச் சம்பந்தத்தை மட்டும் இந்தப் பக்கத்தில் சொல்லிவிடுகிறேன்.

1985-இல் 'ககூன்' என்று ஓர் அமெரிக்கப் படம் வந்தது. இயக்கியவர் ரான் ஹோவர்ட். புளோரிடா மாநிலத்தின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்ற கடலோர ஊரில் ஒரு முதியோர் இல்லம். அங்கே வசிக்கும் மூன்று கிழவர்கள், பக்கத்தில் ஆளில்லாமல் கிடக்கும் பங்களாவின் நீச்சல் குளத்தில் யாருக்கும் தெரியாமல் போய்க் குளித்துவிட்டு வருவார்கள். ஒருநாள் அந்தப் பங்களாவுக்குப் புதிதாக ஆட்கள் குடிவருகிறார்கள். வந்தவர்கள் மனிதத் தோலைப் போர்த்திக்கொண்ட வேற்றுக்கிரகவாசிகள். எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் பூமியில் விட்டுப்போன தங்கள் ஆட்களை மீட்டுப்போக வந்திருக்கிறார்கள். அந்த ஆட்கள் கடலடியில் பெரிய பெரிய கூடுகளுக்குள் உறங்கிக் கிடக்கிறார்கள். கூடுகளைப் படகில் ஏற்றிவந்து இந்தக் குளத்தில் இறக்கி, உள்ளே இருப்பவர்கள் தேறி எழுவதற்காகத் தண்ணீரில் உயிர்ச்சக்தியை ஏற்றி வைக்கிறார்கள்.

விவரம் தெரியாத நம் கிழவர்கள் வழக்கம்போல் இறங்கிக் குளிக்கிறார்கள். கரையேறும்போது உடம்பு வேறு உடம்பாக இருக்கிறது. வலி போய்விட்டது, பசி வந்துவிட்டது. ஒருவருக்கு இருந்த புற்றுநோய் போன இடம் தெரியவில்லை. துணைகளோடு நடனமாடப் போகிறார்கள். புற்றுநோய் நீங்கியவருக்கு இளமையோடு பழைய சபலமும் திரும்பிவிட, ஆயுள் முழுக்கப் பொறுத்துப்போன மனைவி இந்த வயதிலும் இதையா பார்க்க வேண்டும் என்று நொந்துபோகிறார். இளமை திரும்பினால் அதன் கோணலும் கூடவே திரும்பும் என்று காட்டியதில் அந்தப் படத்தின் நேர்மை எனக்குப் பிடித்தது.

குளத்து ரகசியம் எத்தனை நாள் நிற்கும்? இல்லத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடுகிறது. கைத்தடியும் தள்ளுவண்டியுமாக ஓடிவந்து ஒரே நேரத்தில் எல்லாரும் இறங்கிக் கலக்குகிறார்கள். தண்ணீரில் இருந்த சக்தி தீர்ந்துபோகிறது. கூட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே இருந்த உயிர், தேடிவந்த தலைவனின் கையிலேயே அடங்குகிறது. அதே சமயத்தில் இன்னொரு சாவு. பெர்னி என்பவர் ஆரம்பத்திலிருந்தே இந்தக் குளத்துச் சோலிக்கு வரமாட்டேன் என்று ஒதுங்கி நின்றவர். அவருடைய மனைவி ரோஸ் இறந்துபோகிறார். பிடிவாதமெல்லாம் உடைந்து, மனைவியின் உடலைத் தூக்கிக்கொண்டு வந்து தண்ணீரில் கிடத்திப் பார்க்கிறார். அது வெறும் தண்ணீராகிவிட்டது.

இந்தப் படத்தை நம் வாசகர் வட்டத்தில் அண்மையில் திரையிட்டோம். மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, கல்லூரியில் படிக்கும் நம் வட்டத்துப் பெண்பிள்ளை ஒருத்தி படத்தோடு படமாகத் தமிழில் கதை சொல்லிக்கொண்டே வந்தாள். முன்வரிசை முழுக்கப் பெரியவர்கள். குளத்தில் எல்லாரும் குதிக்கும் காட்சியில் இளவட்டங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தண்டட்டி போட்டு வளர்ந்த காதோடு வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஓர் அப்பத்தா மட்டும் உரலை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஏத்தா, இம்புட்டுப் பேரும் எறங்கிக் கலக்கிட்டா, உள்ள கெடக்குற உசுருகளுக்கு என்னத்த மிஞ்சும்? மேமடைக்காரனே முழுசும் பாச்சிக்கிட்டா கடமடைக்காரன் வாயில மண்ணுதான?"

சிரிப்பு அடங்கிவிட்டது. வைகை அணையில் நீர்மட்டம் நன்றாக ஏறினால்தான் 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் விடுவார்கள். அந்தக் கால்வாய் வேண்டும் என்று மறியலும் உண்ணாவிரதமுமாக அலைந்து நரைத்த தலைகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தன. தண்ணீர் என்றாலே பங்கு என்று பழகியவர்களுக்கு, படத்தின் இயக்குநர் ஒரு மணி நேரம் சுற்றிவந்து சொன்ன சங்கதி ஒரு நொடியில் பிடிபட்டுவிட்டது.

இளமை திரும்பும் கதைகளைக் கேட்கும்போது நாம் எல்லாரும் முதலில் கேட்பது, "எனக்குக் கிடைக்குமா?" என்றுதான். அப்பத்தா கேட்டது, "அது யார் பங்கு?" என்று. இந்த இதழை ஒப்பேற்றும் வேலையில் நான் படித்த, பார்த்த கதைகள் அத்தனையையும் அந்தக் கேள்வியை வைத்துத் திருப்பிப் பார்த்தேன்.

நமக்குத் தெரிந்த பழைய கதை யயாதியுடையது. சுக்கிராச்சாரியாரின் சாபத்தால் திடீரென்று கிழவனான அரசன், பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒவ்வொருவரிடமாக இளமையைக் கேட்கிறான். மூத்தவர்கள் மறுத்துவிட, கடைக்குட்டி பூரு கொடுக்கிறான். ஆயிரம் ஆண்டு அனுபவித்தும் ஆசை அடங்கவில்லை என்று கண்டபிறகு, வாங்கிய இளமையை மகனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுக் காட்டுக்குப் போகிறான் யயாதி. மகாபாரதத்தைக் கதையாகக் கேட்டு வளர்ந்த நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இது புதிதில்லை.

2024-இல் வந்து உலகெங்கும் பேசப்பட்ட 'தி சப்ஸ்டன்ஸ்' படமும் யயாதி கதைதான். கோரலி ஃபார்ஷா என்ற பிரெஞ்சுப் பெண் இயக்குநர் எடுத்தது. ஐம்பதைத் தொட்டதற்காகத் தொலைக்காட்சி வேலையை இழக்கும் நடிகை ஒரு மருந்தை ஊசியில் ஏற்றிக்கொள்ள, அவள் உடலிலிருந்தே ஓர் இளம்பெண் பிறந்து வருகிறாள். இருவரும் வாரம் மாற்றி வாரம் வாழ வேண்டும் என்பது நிபந்தனை. இளையவள் ஒருநாள் கூடுதலாக எடுத்துக்கொண்டால், அந்த நாள் மூத்தவளின் உடலிலிருந்து கழியும். முதலில் ஒரு விரல் கிழடாகிறது. பிறகு உடம்பே போகிறது. மூத்தவளாக நடித்த டெமி மூர் அறுபதைத் தாண்டியவர் என்பதையும் சேர்த்துப் படித்தால், திரைத்துறை தன்னைப் பற்றித் தானே கொடுத்த வாக்குமூலம் போல இருக்கிறது. பலவீனமான மனம் உள்ளவர்கள் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டாம், ரத்தக்களரி அதிகம்.

கதையில்தான் இப்படி என்று விட்டுவிட முடியவில்லை. 2005-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஓர் இளம் எலியையும் ஒரு கிழட்டு எலியையும் ரத்த ஓட்டம் ஒன்றாகும்படி இணைத்துப் பார்த்தார்கள். கிழட்டு எலியின் தசையில் பட்ட காயம் முன்னைவிட நன்றாக ஆறியது. வேறு ஆய்வுகளில், கிழட்டு ரத்தம் இளம் எலியைத் தளர வைப்பதும் தெரிந்தது. இந்த இரண்டாவது பாதியைக் காதில் போட்டுக்கொள்ளாமல், இளைஞர்களின் பிளாஸ்மாவைப் பணக்கார முதியவர்களுக்கு ஏற்றும் வியாபாரம் அங்கே முளைத்தது. நிரூபணம் இல்லாத இந்தச் சிகிச்சைக்குப் போகாதீர்கள் என்று 2019 பிப்ரவரியில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகும் ஒருவர் விடவில்லை. பிரையன் ஜான்சன் என்ற கோடீசுவரர், வயதைப் பின்னோக்கித் திருப்புவதையே முழுநேர வேலையாக வைத்திருப்பவர். 2023-இல், 45 வயதில், தன் 17 வயது மகனின் பிளாஸ்மாவை ஏற்றிக்கொண்டார். தன்னுடையதை 70 வயது அப்பாவுக்குக் கொடுத்தார். மூன்று தலைமுறை ஒரே மருத்துவமனைக் கட்டிலுக்கு வந்த கதையை வியாசரே எழுதியிருக்க முடியாது. சில மாதங்களில், தனக்கு எந்தப் பலனும் தென்படவில்லை என்று ஜான்சனே சொல்லி நிறுத்திவிட்டார். யயாதிக்கு ஆயிரம் ஆண்டு பிடித்தது. இவருக்கு ஒரு கோடைகாலம் போதுமானதாக இருந்தது.

அறிவியல் முழுக்க ஏமாற்று என்று சொல்லவரவில்லை. ஜப்பானின் ஷின்யா யமனாக்கா, வளர்ந்த எலியின் தோல் செல்லுக்குள் நான்கே மரபணுக்களைச் செலுத்தி, அதைக் கருவில் இருக்கும் நிலைக்கே திருப்பலாம் என்று 2006-இல் காட்டினார். 2012-இல் நோபல் பரிசு வந்தது. செல் ஒன்றுக்கு வயது பின்னால் போகும் என்பது இப்போது ஆய்வகத்தில் கண்ட உண்மை. முழு மனிதருக்கு அது எப்போது, எப்படி என்பதுதான் கேள்வி. சிதம்பரத்தில் பிறந்து, 2009-இல் வேதியியலுக்கு நோபல் பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன், நாம் ஏன் மூப்படைந்து சாகிறோம் என்பதைப் பற்றி 2024-இல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். இந்தத் துறையில் எது நிரூபணம், எது விற்பனைக்கூச்சல் என்று பிரித்துப் பார்க்க விரும்பும் இளைய வாசகர்கள் அதை வாங்கிப் படியுங்கள்.

அப்படியானால் யார் பங்கையும் எடுக்காத இளமை உண்டா? உண்டு. அதற்குப் புளோரிடாவுக்குப் போக வேண்டாம், மதுரைக்குப் பஸ் ஏறினால் போதும்.

இரண்டாம் உலகப் போரில், விமானத்தின் பிளாஸ்டிக் கண்ணாடி உடைந்து அதன் சிதறல் கண்ணில் குத்தியிருந்த விமானிகளுக்கு இங்கிலாந்தில் மருத்துவம் பார்த்தவர் ஹெரால்டு ரிட்லி. அந்தப் பிளாஸ்டிக் துண்டைக் கண் வெளியே தள்ளவும் இல்லை, அதனால் சீழ் பிடிக்கவும் இல்லை என்பதைக் கவனித்தார். அதே பொருளில் வில்லை செய்து 1949-இல் லண்டனில் கண்புரை நோயாளி ஒருவரின் கண்ணுக்குள் வைத்தார். கண்ணுக்குள் பிளாஸ்டிக் வைப்பதாவது என்று சக மருத்துவர்களே எதிர்த்தார்கள். அன்றைக்கு அது அறிவியல் புனைகதை. இன்றைக்கு நம் தெருவில் லென்ஸ் வைக்காத தாத்தாவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் ஓர் ஓய்வுபெற்ற மனிதர். டாக்டர் கோ. வெங்கடசாமி, முப்பது வயதிலேயே முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களைப் பழக்கியெடுத்துக் கண் அறுவை செய்யக் கற்றார். அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வு பெற்றபின், 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் கொடுக்க முடிந்தவர் கொடுக்கும் பணத்தில், கொடுக்க முடியாதவருக்கும் அறுவை நடக்கும் ஏற்பாடு. வெளிநாட்டிலிருந்து வந்த லென்ஸ் விலை ஏழைக்குக் கட்டுப்படியாகாது என்றதும், 1992-இல் ஆரோலேப் என்ற நிறுவனம் தொடங்கி மதுரையிலேயே லென்ஸ் செய்தார்கள். இங்கே பங்குக் கணக்கு திறந்தே கிடக்கிறது. யார் கொடுக்கிறார்கள், யாருக்குப் போகிறது என்பது எல்லாருக்கும் தெரியும்.

கட்டுப் பிரித்த மறுநாள் ஒரு பாட்டியைக் கவனித்திருக்கிறீர்களா? கறுப்புக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதலில் தன் கையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "இம்புட்டுச் சுருக்கமா விழுந்து போச்சு?" என்பார். அடுத்து அரிசியை முறத்தில் கொட்டிக் கல் பொறுக்க உட்கார்ந்துவிடுவார். "இத்தனை நாளா கல்லோடதான் எனக்குச் சோறு போட்டீகளா?" என்று மருமகளுக்கு ஒரு போடு. முறத்தைக் கேட்டாலும் தரமாட்டார். எந்த நீச்சல் குளமும் இதைவிட என்ன செய்துவிட முடியும்?

சினிமாப் பக்கம் வருவோம். நம் தமிழ் சினிமாவும் இளமை திருப்பும் வித்தையைக் கற்றுக்கொண்டுவிட்டது. 2024 செப்டம்பரில் வெளிவந்த 'தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்' படத்தில், அப்பா விஜய்க்கு எதிரில் நிற்கும் மகன் விஜயின் முகத்தைக் கணினி இளமையாக்கித் தந்தது. அமெரிக்காவின் லோலா நிறுவனம் செய்த வேலை. 2008-இல், கிழவனாகப் பிறந்து குழந்தையாக இறக்கும் 'பெஞ்சமின் பட்டன்' கதையில் பிராட் பிட்டின் வயதைக் குறைத்ததிலும் அவர்களுக்குக் கைவரிசை உண்டு. அதே தமிழ்ப் படத்தில், முந்தைய ஆண்டின் இறுதியில் காலமான மதுரைக்காரர் விஜயகாந்தும் செயற்கை நுண்ணறிவால் மீண்டும் திரையில் தோன்றினார். மறைந்த பாடகி பவதாரிணியின் குரலும் ஒரு பாட்டில் கேட்டது. குடும்பத்தாரின் சம்மதத்தோடு நடந்த காரியங்கள் இவை. ரசிகர்களுக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான்.

ஆனாலும் இந்த வித்தை நாயகர்களுக்கே வாய்க்கிறது. திரையில் கதாநாயகனுக்கு வயது குறைந்துகொண்டே வருகிறது. அவனுக்கு அம்மாவாக நடிக்கும் பெண்ணோ அவனைவிட இளையவராகக்கூட இருக்கிறார். கிழவன், கிழவி என்றால் கயிற்றுக்கட்டில், இருமல், ஒரு வசனம், அடுத்த காட்சியில் மாலை போட்ட படம். 'ககூன்' படத்தில் பிடித்த இன்னொரு விஷயம், முதியவர்களாக முதியவர்களே நடித்ததுதான். நடனமாடிய டான் அமீச்சி அந்தப் படத்துக்காகச் சிறந்த துணை நடிகர் ஆஸ்கரை வாங்கும்போது வயது 77. சபலக்காரக் கணவரும் நொந்துபோன மனைவியுமாக வந்த ஹியூம் குரோனினும் ஜெசிகா டான்டியும் நிஜத்திலும் கணவன் மனைவி. ஒரே விதிவிலக்கு, குழுவுக்குத் தலைவர் போல வரும் வில்ஃபோர்டு பிரிம்லி. படப்பிடிப்பின்போது அவருக்கு 50 வயது. தலையையும் மீசையையும் வெளுத்துக்கொண்டு கிழவரானார்.

கிழவராக விரும்பி ஆனவர் ஒருவர் நம்மிடமும் உண்டு. 1953-இல் ஜெமினி நிறுவனம் எடுத்த 'ஔவையார்' படத்தில், கல்யாணப் பேச்சு எடுத்ததும் விநாயகரிடம் அழுது, தன் இளமையை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கிறாள் பெண். குமரியாகக் குசலகுமாரியும் மூதாட்டியாகக் கே.பி. சுந்தராம்பாளும் நடித்தார்கள். அமீச்சி பிறந்த அதே 1908-இல் கொடுமுடியில் பிறந்தவர் சுந்தராம்பாள். உலகமே இளமையை விரட்டிக்கொண்டு ஓடும்போது, ஊர் ஊராக நடக்கவும் அரசனை எதிர்த்துப் பேசவும் முதுமைதான் வசதி என்று முடிவெடுத்த பெண்ணின் கதையைத் தமிழ்நாடு கொண்டாடியிருக்கிறது. ஆயுள் நீட்டிக்கும் நெல்லிக்கனி கிடைத்தபோது தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்த அதியமானையும் சேர்த்துத்தான். தன் பங்கை முதியவருக்குக் கொடுத்தவன் என்பதால்தான் அவன் பேர் இன்னும் நிற்கிறது.

அந்த வரிசையில் வைக்க நம் ஊருக்கே சொந்தமான ஒரு படம் இருக்கிறது. உசிலம்பட்டிக்காரரான ம. மணிகண்டன் இயக்கி, 2022 பிப்ரவரியில் வெளிவந்த 'கடைசி விவசாயி'. நம் சுற்றுவட்டாரக் கிராமங்களில், நம் ஆட்களை வைத்து எடுத்தது. எண்பது தாண்டிய நல்லாண்டி ஐயா மாயாண்டியாக வந்தார். குலதெய்வத்துக்குப் படைக்கப் புதுநெல் வேண்டும், ஊரில் விவசாயம் பார்ப்பவர் அவர் ஒருவர்தான். வயலில் செத்துக்கிடந்த மயில்களைப் புதைத்ததற்காக வழக்குப் பாய்ந்து ரிமாண்டுக்குப் போகிறார். நீதிமன்றத்தில் நிற்கும்போதும் அவர் கவலை வழக்கைப் பற்றி இல்லை, தண்ணீர் பாய்ச்ச ஆளில்லாமல் பயிர் வாடுமே என்பதுதான். நீதிபதி பயிரைப் பார்த்துக்கொள்ள ஒரு போலீஸ்காரரை அனுப்புகிறார். வேண்டாவெறுப்பாகப் போன அந்த இளைஞர் வயலில் இறங்கி வேலை பழகும் காட்சிகளைப் பாருங்கள். அங்கே முதியவர் இளமையை எடுத்துக்கொள்ளவில்லை. தன் வேலையை ஓர் இளைஞனிடம் கொடுக்கிறார்.

படம் வெளியாகும் முன்பே நல்லாண்டி ஐயா போய்விட்டார். 2023 ஆகஸ்டில் அறிவித்த தேசிய விருதுகளில் 'கடைசி விவசாயி'க்குச் சிறந்த தமிழ்ப் படம் என்ற விருதும், நல்லாண்டி ஐயாவுக்குச் சிறப்புக் குறிப்பும் கிடைத்தன. அவர் முகத்தில் ஒரு சுருக்கத்தைக்கூட எந்தக் கணினியும் நீவவில்லை.

அடுத்து நடந்தது உங்களுக்குத் தெரியும். 2024 பிப்ரவரியில் உசிலம்பட்டியில் இருக்கும் மணிகண்டன் வீட்டைத் திருடர்கள் உடைத்தார்கள். பணம், நகையோடு தேசிய விருதுப் பதக்கங்களும் போயின. சில நாள் கழித்து, பதக்கங்களை மட்டும் ஒரு பையில் போட்டு வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கூடவே ஒரு சீட்டு. மன்னித்துவிடுங்கள் ஐயா, உங்கள் உழைப்பு உங்களுக்கே என்ற பொருளில் எழுதியிருந்தது. நாடு முழுக்கச் சிரித்துப் பேசியது. பணமும் நகையும் வரவில்லை என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் எது யார் பங்கு என்று களவாணிக்கும் ஒரு கணக்கு இருந்திருக்கிறது.

நம் ஊரை மட்டும் தூக்கிவைத்துப் பேசி முடித்துவிட்டால் இந்தப் பக்கம் பொய்யாகிவிடும். பிறந்த பெண்குழந்தையைச் சுமை என்று கணக்குப் பார்த்த ஊர் என 1980-களில் நாடறிந்த பேர் வாங்கியவர்கள் நாம். அது நம் தலைமுறையில் நடந்தது. தென்மாவட்டங்களில், படுத்துவிட்ட முதியவரைத் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரைக் கொடுத்து அனுப்பிவைக்கும் தலைக்கூத்தல் இன்னமும் கிசுகிசுப்பாகப் பேசப்படுகிறது. அதற்குப் பேர் கொலை. பிரியா கிருஷ்ணசாமியின் 'பாரம்' படம் அதைப் பற்றியது, தேசிய விருது வாங்கியது. மதுமிதா இயக்கி 2019 நவம்பரில் வெளிவந்த 'கே.டி. என்கிற கருப்புதுரை' அதே இருட்டிலிருந்துதான் தொடங்குகிறது. தலைக்கூத்தலுக்கு வீட்டில் பேச்சு நடப்பதைக் கேட்ட எண்பது வயதுக் கிழவர் எழுந்து ஓடிப்போகிறார். வழியில் குட்டி என்ற அநாதைப் பையன் சேர்ந்துகொள்ள, ஆசைகளை ஒரு பட்டியலாகப் போட்டு ஒவ்வொன்றாக முடிக்கிறார்கள். கிழவராக நடித்த பேராசிரியர் மு. ராமசாமி பிரியாணியைப் பார்க்கும் பார்வையில் வயது பாதியாகிவிடுகிறது. விண்கலம் இல்லாத 'ககூன்' அது.

அந்தக் 'ககூன்' முடிவை இன்னும் சொல்லவில்லை. தங்களால் உயிர்கள் அழிந்தன என்று தெரிந்ததும், முதியவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக மீதிக் கூடுகளைத் தூக்கி, பத்திரமாகக் கடலுக்கே கொண்டுபோய்ச் சேர்க்க உதவுகிறார்கள். மனம் நெகிழ்ந்த வேற்றுக்கிரகவாசி, நோயும் சாவும் இல்லாத தன் உலகத்துக்கு அவர்களைக் கூப்பிடுகிறான். கிளம்புகிறார்கள். பெர்னி மட்டும் போகவில்லை. எங்கள் மொட்டைமாடியில் அந்த இடத்தில் ஒரு தாத்தா சத்தமாகச் சொன்னார்: "பொண்டாட்டியப் பொதச்ச மண்ண விட்டுட்டு எங்கிட்டுப் போறது? அந்தாளு சரியான ஆளுய்யா." பக்கத்தில் இருந்த இன்னொருவர், "நான்லாம் போயிருவேன் மாமா. இங்க என்னா இருக்கு?" என்றார். அந்த இரண்டாவது பதிலும் உண்மையானது. அதை நாம் காதில் வாங்க வேண்டும்.

ஏனென்றால் இந்த ஊர் இப்போது முதியவர்களின் ஊர். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். இளவட்டங்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட, பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது அப்பத்தாவும் அம்மாச்சியும்தான். 2023-இல் முதியோர் உதவித்தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாய் ஆனபோது, அந்த இருநூறு ரூபாய் பல வீடுகளில் பேரனின் நோட்டுக்கும் பேத்தியின் தின்பண்டத்துக்கும் போனது. காடு விற்றும் நகையை அடகு வைத்தும் நம்மைப் படிக்கவைத்தவர்கள் இவர்கள். அவர்களுடைய குளத்தில் இறங்கிக் குளித்துக் கரையேறியவர்கள் நாம். திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டிய கூடுகள் நம் வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள்.

ஒன்று, எழுதுகிறவர்களுக்கு. அடுத்தடுத்த இதழ்களில் அறிவியல் புனைகதைகளுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம். நம் வட்டாரத்துப் பெரியவர் ஒருவருக்கு இளமை திரும்புவதாக எழுதுங்கள். மருந்தோ, இயந்திரமோ, வேற்றுக்கிரகமோ உங்கள் விருப்பம். ஒரே ஒரு நிபந்தனை: அந்த இளமை யார் பங்கிலிருந்து வந்தது என்பதற்குக் கதையில் பதில் இருக்க வேண்டும். நாலு பக்கத்துக்குள் முடியுங்கள். கையெழுத்துப் பிரதியாக இருந்தாலும் பரவாயில்லை.

இரண்டு, எல்லாருக்கும். உங்கள் வீட்டில் "கண்ணு மங்கலாத் தெரியுதுப்பா" என்று சொல்லிக்கொண்டிருக்கும் பெரியவர் இருந்தால், வயசானா அப்படித்தான் என்று சமாதானம் சொல்லாதீர்கள். இந்த மாதமே ஒரு கண் முகாமுக்குக் கூட்டிப்போங்கள். பஸ்ஸில் ஏற்றிவிட்டுவிட்டுத் திரும்பிவிடாமல், கட்டுப் பிரிக்கும் வரை கூடவே இருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்